ஏடு சேர்த்தாற் போதுமா?

கல்லூரி விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுச் செயலாளர் விடுத்த மடல் டிக்கோயாவில் என் கைக்கு வந்து சேர்ந்தபொழுது, எதைப்பற்றி எழுதுவது என்று நான் தயங்கவில்லை. பழைய மாணவர் எழுதும் கட்டுரைகள் எத்தகையன என்பதை நாம் அறிவோம். விடுதிச் சாப்பாடும், துடுப்பாட்டப் போட்டியும், பிரம்போடு வகுப்புக்கு வந்த கணித ஆசிரியரும், நவராத்திரியிற் கிடைத்த அவலும் கடலையும் இல்லாமல் ஒரு மலர் மணப்பதில்லை. அவற்றை என்னினும் சுவைபட எழுத வல்லார் பலர் உளர். ஆதலின் அவற்றை அவர்களிடமே விட்டுவிட்டு, சங்கத்தார் முன்னிலையில் ஒரு வழக்கை எடுத்துரைக்க விரும்புகின்றேன். கணினியிலும் கைத்தொலைபேசியிலும் சிதறிக் கிடக்கும் பாடக் கோப்புகளை ஒரே நூலாகச் சேர்ப்பதும், சேர்த்த நூலுக்கு அடைவு செய்வதும் பற்றிய வழக்கு அது. இதற்கா ஒரு கட்டுரை என்று புருவம் நெரிப்போர் சற்றே பொறுத்தருள்க.

நான் மலைநாட்டுக்கு ஆசிரியனாக வந்தவன். ஓய்வுபெற்ற பின்னரும் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டேன். அட்டனிலிருந்து நோர்வூட்டுக்குச் செல்லும் பெருந்தெருவில் டிக்கோயா இருக்கிறது. சிறியதொரு கடைத்தெரு, அதனைச் சூழத் தேயிலைத் தோட்டங்கள், தோட்டந்தோறும் ஆங்கிலேயர் காலத்து இலயங்கள். புவியியல் கற்பித்த எனக்கு மழையைப்பற்றியும் மண்ணைப்பற்றியும் சொல்ல இங்கே கரும்பலகை தேவைப்பட்டதில்லை. சன்னலைத் திறந்து காட்டினாற் போதும்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே கொரோனாத் தொற்றின் காரணமாக நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. ஆசிரியர்கள் தம்மால் இயன்றதைச் செய்தார்கள். பாடங்களைச் சிலைட்டுகளாக ஆக்கி (பாடநூல் இவற்றைப் படவில்லை என்னும், மாணவர் வாயில் வருவது சிலைட்டுத்தான்) வட்ஸ்அப் வழியாக அனுப்பினார்கள். ஒரு பாடத்துக்கு ஓர் ஆசிரியர் என்றும் இல்லை. கொழும்பிலிருந்து ஒருவர், மட்டக்களப்பிலிருந்து ஒருவர், வலிகாமத்திலிருந்து ஒருவர் என எங்கெங்கோ இருந்த நல்லாசிரியர்கள் ஆக்கியவை கை மாறிக் கை மாறி டிக்கோயாவையும் வந்தடைந்தன. முன்னர் எக்காலத்திலும் மலைநாட்டு மாணவனுக்குக் கிட்டாத செல்வம் இது. செல்வம் வந்த விதந்தான் துன்பமாயிற்று.

அவ்வாண்டில் உயர்தர வகுப்பிற் சேர்ந்த மாணவி ஒருத்தி, 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் என் வீட்டுக்கு வந்தாள். தாய் கொழுந்து பறிப்பவர். தகப்பனார் தொழிற்சாலையில் வேலை செய்பவர். அவர்கள் இலயத்தில் தொலைபேசிக்கு அலை கிடையாது. மேலே கோயில் வளைவுக்கு ஏறினாற்றான் கிடைக்கும். அந்த வளைவில் நின்று இரண்டாண்டுகளாக அவள் இறக்கிச் சேர்த்த புவியியற் கோப்புகள் மட்டும் 143. அவற்றின் பெயர்களைப் பார்த்தேன். ‘புதியது’, ‘புதியது 2’, ‘அலகு’, ‘இறுதி’, ‘இறுதியிலும் இறுதி’ என்று இருந்தன. பெயரே இல்லாமல் வெறும் எண் மட்டும் தாங்கியவை பாதிக்கு மேல். மண்சரிவு பற்றி ஒரு கட்டுரை எழுதவேண்டும் என்றாள். அதுபற்றி நல்ல விளக்கம் இவற்றுள் ஒன்றில் உண்டாம். “எங்கயோ பார்த்தேங்க சேர், எதுலன்னுதான் தெரியல” என்றாள்.

இரண்டு மணி நேரம் தேடினோம். கிடைக்கவில்லை. கையில் இருக்கிறது, ஆனால் இல்லை. இவ்வாறான ஒரு நிலையை மலைநாட்டார் முன்னரும் அறிவார்கள். அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

அன்று மாலையே எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுவது என்று துணிந்தேன். சிலைட்டுக் கோப்பு ஒவ்வொன்றையும் பி.டி.எப். வடிவுக்கு மாற்றி, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துவிடும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. சில மணி நேர வேலை. ஒரே வகையானவற்றை நீக்கியபின் ஏறத்தாழ 1,900 சிலைட்டுகள் கொண்ட ஒரு பெருநூல் உருவாகிவிட்டது. நானும் பெரிய காரியம் செய்துவிட்டவன் போல, “இனித் தேடு பெட்டியில் மண்சரிவு என்று எழுது, உடனே வரும்” என்றேன். எழுதினாள். ஒன்றும் வரவில்லை. ‘மழை’ என்று எழுதினாள். மழையும் வரவில்லை. டிக்கோயாவிலே மழை இல்லையென்று சொன்ன முதலாவது நூல் அதுவாகத்தான் இருக்கும்.

காரணத்தை அறிய எனக்குச் சில நாட்கள் சென்றன. நம் நாட்டிலே தமிழ் தட்டெழுதுவோர் பலர் பாமினி என்னும் எழுத்துருவிற் பழகியவர்கள். அந்த எழுத்துரு தமிழெழுத்தின் வடிவைத் திரையிற் காட்டுமேயன்றி, கணினியின் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தேயாம். ‘தமிழ்’ என்று நாம் காணும் சொல் உள்ளே ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகக் கிடக்கிறது. தமிழ் வேடம் புனைந்த ஆங்கில எழுத்தைத் தமிழாற் கூவி அழைத்தால் அது எங்ஙனம் திரும்பிப் பார்க்கும்? உலகப் பொதுக் குறியீடாகிய யூனிகோட்டிலே தமிழுக்கு 1991ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே இடம் கிடைத்துவிட்டது. அஃதறிந்தும் அறியாமலும் நாம் இன்றுவரை பாமினியிலே பாடம் எழுதிக்கொண்டிருக்கிறோம். பழக்கம் கொடிது. இதனை எழுதும் நானும் அப்பழக்கத்துக்கு ஆட்பட்டிருந்தவனே என்பதை மறைப்பதிற் பயனில்லை. அந்த 143 கோப்புகளுள் ஒன்பது என் சொந்த ஆக்கம்.

ஆகவே கோப்பதற்கு முன்னர் மாற்ற வேண்டும். பாமினியை யூனிகோட்டாக்கும் கருவிகள் இணையத்தில் உண்டு. ஆனால் அவை குருட்டுக் கருவிகள். ஒரே வரியில் உண்மையான ஆங்கிலச் சொல் வந்தால் அதனையும் பாமினியென்று கொண்டு பொருளற்ற தமிழெழுத்துக் கூட்டமாக்கிவிடும். வாய்பாடுகளும் அலகுகளும் அவ்வாறே சிதையும். மனிதன் அருகிலிருந்து பார்த்துத் திருத்தியே ஆகவேண்டும். அன்றியும், ஆசிரியர் சிலர் பாடநூலின் பக்கத்தைப் படம்பிடித்துச் சிலைட்டில் ஒட்டியிருந்தார்கள். அங்கே எழுத்தே இல்லை. எழுத்தின் படந்தான் உண்டு. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தறியும் மென்பொருள்கள் இப்பொழுது தமிழுக்கும் வந்திருப்பது நற்பேறு. அச்சுப் பக்கத்தை அவை பெரும்பாலும் சரியாக வாசிக்கின்றன. கையெழுத்தைக் கண்டாற் கலங்குகின்றன. சிலைட்டின் கீழே ஆசிரியர் தமக்கென எழுதிவைக்கும் குறிப்பு பி.டி.எப். ஆக்கும்போது விடுபட்டுப்போவதும் உண்டு. பலவேளைகளில் அக்குறிப்பே பாடத்தின் உயிர்.

இவ்வளவும் செய்தபின் தேடு பெட்டி பேசத் தொடங்கியது. பேசியதே, என்ன பேசிற்று? ‘ஆறு’ என்று தேடினோம். ஆறாம் எண் வந்தது. ‘ஆற்று வடிநிலம்’ வரவில்லை. ‘ஆற்றின் மூப்பு நிலை’ வரவில்லை. தமிழ்ச் சொல் வேற்றுமை ஏற்கும்போது உருத் திரிவது. புணரும்போது முகம் மாறுவது. ஆறு ஆற்றை என்றும், மரம் மரத்தில் என்றும், காடு காட்டினுள் என்றும் ஆகும் ஒரு மொழியில், எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் தேடல் பாதி வழியில் நின்றுவிடும். நன்னூலைப் படித்த நமக்கு இது புதிதன்று. கணினிக்கு எவரும் நன்னூல் கற்பிக்கவில்லை என்பதுதான் குறை.

மண்சரிவோ அப்பொழுதும் வரவில்லை. அது வேறொரு பெயரில் ஒளிந்திருந்தது. கொழும்பு ஆசிரியர் அதனைத் ‘திணிவசைவு’ என்னும் தலைப்பின்கீழ் வைத்திருந்தார். இன்னொருவர் தமிழ்நாட்டு நூல்களைத் தழுவி ‘நிலச்சரிவு’ என்று எழுதியிருந்தார். கலைச்சொல் இரு கரைகளிலும் வேறுபட்டு வளர்ந்ததன் விளைவு இது. நாம் ஒளித்தொகுப்பு என்பதை அவர்கள் ஒளிச்சேர்க்கை என்பார்கள். நம் இரசாயனவியல் அங்கே வேதியியல். நம் ஒட்சிசன் அங்கே ஆக்சிஜன். எது சிறந்தது என்னும் பூசலை இங்கே கிளப்ப நான் விரும்பவில்லை. இரண்டையும் ஒரே மாணவன் ஒரே இரவில் ஒரே தொலைபேசியிற் படிக்கிறான் என்பதே இன்றைய உண்மை. அவனுக்கு வேண்டியது, ‘மண்சரிவு: நிலச்சரிவு, திணிவசைவு என்பனவும் காண்க’ என்று சொல்லும் ஒரு வரி. அந்த வரியை எழுதக் கூடியவர் பாடம் அறிந்த ஒரு மனிதரே. அவ்வரிகளின் தொகுதிக்குத்தான் அடைவு என்று பெயர்.

இங்கே என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்றாகக் கோப்பது வேலையின் கால்வாசியும் அன்று. தேடும் வசதி இன்னொரு கால்வாசி. எஞ்சிய பாதி அடைவு. நம்மவர் முதற் கால்வாசியைச் செய்து முடித்துவிட்டு முழுவதும் முடிந்ததெனக் கை கழுவுகிறார்கள்.

இது புதுமையன்று, தமிழ்மொழி இதே படிகளில் முன்னரே ஏறி வந்திருக்கிறது. நிகண்டுகளை எண்ணிப் பாருங்கள். அவை செய்யுளில் அமைந்தவை, பொருள்வகையாற் பகுக்கப்பட்டவை. தெய்வப் பெயர் ஒரு தொகுதி, விலங்கின் பெயர் ஒரு தொகுதி எனச் செல்லும். முழுவதையும் மனனஞ் செய்தவனுக்கு அது மிக நல்ல ஒழுங்கு. நூல் அவன் நெஞ்சிலே இருந்தது. தேட வேண்டிய தேவையே இல்லை. நூல் நெஞ்சை விட்டுக் கைக்கு வந்தபோதுதான் எழுத்து வரிசை வேண்டியதாயிற்று. 1594ஆம் ஆண்டிலே சிதம்பர இரேவணசித்தர் அகராதி நிகண்டைச் செய்து சொற்களை முதலெழுத்து வரிசையில் அடுக்கினார். 1732இல் வீரமாமுனிவரின் சதுரகராதி எழுந்தது. நம் யாழ்ப்பாணத்திலே 1842இல் மானிப்பாய் அகராதி அச்சேறியது, 1902இல் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை அபிதானகோசத்தை வெளியிட்டுப் புராண இதிகாசப் பெயர்களையும் புலவர் பெயர்களையும் அகர வரிசையில் நிறுத்தினார். நூல்கள் பெருகப் பெருக அவற்றுக்கு வழிகாட்டுவோரும் தோன்றினர்.

ஏட்டுச் சுவடியின் வரலாறும் அதுவே. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த ஏடுகளைத் தேடிச் சேர்த்து 1887இல் கலித்தொகையை அச்சிட்டார். அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் அவர்களின் சீவகசிந்தாமணிப் பதிப்பு வந்தது. ஐயரவர்களின் பதிப்புகளைக் கையில் எடுப்போர் அவற்றின் இறுதிப் பக்கங்களைப் புரட்டிப் பார்க்க வேண்டும். அரும்பதங்களுக்கும் பெயர்களுக்கும் அகராதி அமைத்து, எந்தப் பொருள் எங்கே உளது என்று காட்டியிருப்பார். ஏட்டைக் கயிற்றிற் கோத்து வைத்தவன் காவலன். அதனுள்ளே போக வழி செய்தவரை என்ன பெயரால் அழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் நாம் அவருக்கே பெரிதும் கடன்பட்டிருக்கிறோம்.

அடைவிலும் இருவகை உண்டு. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று பகுதிகளாக வெளியிட்ட பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவு, ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என்று காட்டுவது. அதற்குச் சற்று முன்னர், 1966இல், ந. சுப்பிரமணியன் செய்து சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட அடைவோ சங்க நூல்களிலுள்ள வரலாற்றுச் செய்திகளைப் பொருளால் வகுத்துக் காட்டுவது. முன்னதைப் போன்றதை இன்று கணினி ஒரு நொடியிற் செய்யும். பின்னதற்கு ஒருவர் நூல் முழுவதையும் படித்து, இந்த இடம் எதைப்பற்றியது என்று தீர்மானிக்க வேண்டும். ‘மண்சரிவு’ என்னும் சொல்லே இல்லாத ஒரு பக்கம் மண்சரிவைப்பற்றியதாக இருக்கலாம் அல்லவா?

நாங்கள் செய்த முறையைச் சுருக்கமாகக் கூறுகின்றேன். மாணவர் ஐவர் சேர்ந்தனர். ஞாயிறுதோறும் கோயில் மடத்தில் வேலை. முதலிற் கோப்புகளைப் பாடத்திட்டத்தின் அலகு வரிசையில் அடுக்கினோம். ஒவ்வொரு கோப்பும் ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்குவதால், நூல் முழுவதற்கும் ஒரே தொடரெண் இட்டோம். இதைச் செய்யாமல் அடைவு எழுதப் புகுந்தால் எல்லாம் பாழ். முதல் வாரம் எங்களுக்கு அப்படிப் பாழாயிற்று. பின்னர் ஆளுக்கொரு பகுதியாகப் படித்து, கோடிட்ட கொப்பியில் தலைச்சொல்லும் எண்ணும் எழுதினோம். அகர வரிசையிற் சேர்க்கும் வேலையைக் கணினியிடம் கொடுத்தோம். அது ‘ன’ வரிசையைப் ‘ப’ வரிசைக்கு முன்னே கொண்டுபோய் வைத்தது. ‘அக்கினிப்பாறை’யை ‘அகழி’க்குப் பின்னே தள்ளியது. யூனிகோட்டின் எண் வரிசை நம் நெடுங்கணக்கு வரிசை அன்று என்பதை அப்போது கற்றோம். தமிழ் வரிசை அறிந்து அடுக்கும் மென்பொருளும் உண்டு. வசமாகக் கேட்டாற்றான் அது அங்ஙனம் செய்யும்.

அது 2022ஆம் ஆண்டு. நாட்டின் நிலை அன்பர்கள் அறிந்ததே. மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் நின்றது. தாள் இல்லாமையால் மேல் மாகாணத்திலே தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. 1,900 சிலைட்டுகளை அச்சிட எவரிடம் பணம்? அடைவையும் பொருளடக்கத்தையும் மட்டும் இருபத்திரண்டு பக்கங்களில் அச்சிட்டு ஆளுக்கொன்று கொடுத்தோம். இது வறுமை கற்பித்த வழியாயினும், இப்பொழுது வசதி இருந்தாலும் இதையே செய்வேன். இருளிலே விளக்கடியில் அடைவைப் பார்த்து, வேண்டிய எண் 1,214 என்று அறிந்துகொண்டு, அதன் பின்னரே தொலைபேசியைத் திறப்பார்கள். மின்கலத்தின் உயிர் மிச்சமாயிற்று. அடைவை மேலிருந்து கீழாக வாசித்தே பாடத்தின் எல்லையை அறிந்துகொண்டதாக ஒரு மாணவன் சொன்னான். அது நான் எதிர்பாராத பயன்.

முன்னர்ச் சொல்வதாக விட்டதை இங்கே சொல்கிறேன். அம்மாணவியின் வீட்டிலே ஒரு தகரப்பெட்டி உண்டு; மலைநாட்டில் அது இல்லாத வீடு அரிது. பிறப்புச் சான்று, பழைய துண்டுகள், தோட்டத்து ஆபீசில் வாங்கிய கடிதங்கள் எல்லாம் அதனுள் இருக்கும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்படி பிரஜாவுரிமை கேட்போர், 1946 ஜனவரி முதலாந் தேதிக்கு முன்னர் இடைவிடாது இந்நாட்டில் வாழ்ந்ததை எண்பிக்க வேண்டும்: மணமானவராயின் ஏழு ஆண்டுகள், மணமாகாதவராயின் பத்து ஆண்டுகள். வாழ்ந்தது உண்மை, தோட்டத்துச் செக்ரோலிலே நாள்தோறும் பெயர் விழுந்ததும் உண்மை. அந்த ஏடு எந்தத் தோட்டத்து எந்த அறையில் எந்த ஆண்டுக் கட்டினுள் இருக்கிறது என்று காட்டுவார் இல்லாதபோது, உண்மை ஒருபுறம் நிற்க வழக்கு மறுபுறம் தோற்றது. அம்மாணவியின் பாட்டனாருக்கு அப்படித் தோற்றது என்று அவள் தகப்பனார் என்னிடம் சொன்னார். அந்தப் பெட்டியைத் திறந்து காட்டியபடி அவர் சொன்னதைக் கேட்டபின், கோப்பு அடைவு ஒரு சில்லறை வேலை என்று எவரேனும் கூறினால் நான் வாதாடுவதில்லை, எழுந்து வந்துவிடுகிறேன்.

எழக்கூடிய மறுப்புகள் சில. இப்பொழுது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, கோப்பைக் கொடுத்து வினாவைக் கேட்டால் விடை சொல்லுமே, அடைவு எதற்கு என்பர் இளைஞர். சொல்லும், நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன், பல வேளை நன்றாகவே சொல்கிறது. ஆயின் பாமினியிற் கிடக்கும் பாடத்தை அதனிடம் கொடுத்தால் அதற்கும் பெரும்பாலும் குழப்பமே மிஞ்சுகிறது. எந்தப் பக்கத்திலிருந்து சொன்னாய் என்று கேட்டால் சிலவேளை இல்லாத பக்கத்தைத் துணிந்து காட்டுகிறது. கோயில் வளைவுக்கு ஏறினாற்றான் அலை கிடைக்கும் பிள்ளைக்கு நள்ளிரவில் அது பேசாது. அடைவின் முதற்படியை எழுதுவதற்கு அதனைத் துணை கொள்ளலாம். சரிபார்க்கும் கண் ஆசிரியருடையதாக இருக்க வேண்டும்.

அடைவு இருந்தாற் பிள்ளைகள் முழுவதையும் படிக்கமாட்டார்கள் என்பது முதியோர் மறுப்பு. அகராதி வந்தபோது நிகண்டு ஓதியவர்களும் இதையே சொல்லியிருப்பார்கள். என் அனுபவம் வேறு. தேடிக் கண்டவன் அந்தப் பக்கத்தோடு நிற்பதில்லை. முன்பக்கமும் பின்பக்கமும் புரட்டுகிறான். மூன்றாவது மறுப்பு, ‘என் சிலைட்டு என் உழைப்பு; ஊருக்கெல்லாம் ஏன் கொடுக்க வேண்டும்’ என்பது. இது நேர்மையான மறுப்பு. ஆக்கியோன் பெயர் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்க வேண்டும். அவர் இசைவின்றி எதையும் சேர்க்கலாகாது. நாங்கள் கேட்டபோது இருவர் மறுத்தனர். அவர்கள் கோப்புகளை நீக்கிவிட்டோம். மற்றவர்கள் மகிழ்ந்து கொடுத்தார்கள். தம் பாமினிக் கோப்பை யூனிகோட்டாக்கித் தாருங்கள் என்று மட்டும் கேட்டனர் சிலர்.

இந்த அடைவு பரீட்சைக்கு மேலும் ஒருமுறை பயன்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயலால் மலைநாடெங்கும் மண் சரிந்தபோது, டிக்கோயாவிலும் மழை விடவில்லை. மின்சாரமும் இல்லை, அலையும் இல்லை. அம்மாணவியின் தம்பி, இலயத்தின் பின்புறத்து மேட்டில் கலங்கிய ஊற்று ஒன்று புதிதாகப் புறப்பட்டிருப்பதைக் கண்டு, அடைவில் ‘மண்சரிவு, முன்னறிகுறிகள்’ என்னும் இடத்தைப் பார்த்திருக்கிறான். நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று தோன்றும் அல்லது கலங்கும் ஊற்று என அப்பக்கத்தில் இருந்தது. தொலைபேசியில் இருந்த அப்பக்கத்தைப் பெரியவர்களிடம் வாசித்துக் காட்டினான். அன்றிரவு பத்துக் குடும்பங்கள் பாடசாலைக் கட்டடத்திற் படுத்தன. மேடு சரியவில்லை. சரியாததற்காக அவனை எவரும் பரிகசிக்கவுமில்லை.

இனி, சங்கத்தாரிடம் என் விண்ணப்பம். விழாவையொட்டி மலைநாட்டுப் பாடசாலைகளுக்கு உதவுவதென்றும், நவீனத் திரைகளும் கணினிகளும் வாங்கிக் கொடுப்பதென்றும் பேச்சு நடப்பதாகக் கேள்வியுற்றேன். வேண்டாம் என்று சொல்லேன். ஆனால் பணத்தினும் அரியது ஒன்று நம்மிடம் உண்டு. பழைய மாணவருள் ஓய்வுபெற்ற ஆசிரியர், மருத்துவர், பொறியியலாளர், கணக்காளர் எத்தனை பேர்! கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மாலை வேளையை எப்படிக் கழிப்பது என்று அறியாமல் இருப்போர் எத்தனை பேர்! 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், உலகின் பல நாடுகளிலிருந்த தமிழன்பர்கள் ஊதியமின்றித் தட்டெழுதியும் மெய்ப்புப் பார்த்தும் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றியது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட நம் நாட்டவர் 2005இல் ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்தைத் தொடங்கி இன்றுவரை நடத்தி வருகின்றனர். அவர்கள் சேர்த்து வைத்தவற்றின் பெருமையை விரிக்க இங்கு இடம் போதாது. பழைய நூலுக்குச் செய்ததைப் பாடக் கோப்புக்கும் செய்யலாம் அல்லவா?

ஒருவர் ஒரு பாடத்தில் ஓர் அலகை மட்டும் எடுத்துக்கொண்டாற் போதும். பாமினியை மாற்றி, பிழை பார்த்து, தலைச்சொல் எழுதி, இரு கரைக் கலைச்சொற்களுக்கும் ‘காண்க’ இட்டு அனுப்பவேண்டும். ஓர் அலகுக்கு மாலை வேளைகளில் மூன்று வாரம் ஆகும் என்பது எங்கள் அனுபவம். முதலில் உயிரியலும் இரசாயனவியலும் வேண்டும். மலைநாட்டிலே அப்பாடங்களைத் தமிழிற் கற்பிக்கும் ஆசிரியர் அரியர். புவியியலை யாரும் எடுக்க வேண்டா. அம்மாணவி இப்பொழுது பல்கலைக்கழகத்திலே அதையே பயில்கிறாள். விரிவுரை முடிந்த அன்றே சிலைட்டுக்கு அடைவு எழுதித் தோழியரோடு பகிர்ந்துகொள்கிறாளாம். பழைய அடைவில் நான் ‘பருவக்காற்று’க்குத் தவறான எண் இட்டிருப்பதைச் சென்ற மாதம் எழுதிச் சுட்டிக்காட்டினாள். திருத்திவிட்டேன்.

வேலையை ஏற்க முன்வருவோர் சங்கச் செயலாளருக்கு எழுதுக. என் முகவரி அவரிடம் உண்டு.